ராமுத்தாய் பேரில் வந்தவள்

ஜெனீவா
2 செப்டம்பர் 2024

சிவரஞ்சனி,

பதினோரு முறை கூப்பிட்டுவிட்டேன். நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு வழியில்லாமல் மின்னஞ்சல் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் கேரள மலையிலிருக்கும் மஞ்சக்குழி எஸ்டேட்டில் பெண்கள் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தலைக்கு மேல் பூச்சிமருந்து அடித்தார்கள். ஒரு பெண்ணுக்கு இடது கண் பார்வை மங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்ட இருபத்தேழு பேரையும் மறுநாள் வேலைக்கு அழைத்துப்போகும் ஜீப்பில் ஏற்றவில்லை. இப்படித்தான் போடியிலிருந்து உன் சங்கம் எங்களுக்கு எழுதியது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் ராமுத்தாய் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை நம்பித்தான் எங்கள் தொழிலாளர் கூட்டமைப்பு எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் அவசர வேண்டுகோள் அனுப்பியது. அந்த எஸ்டேட்டின் ஏலக்காயை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனிக்கும் எழுதினோம்.

நேற்று அந்தக் கம்பெனியின் பதில் வந்தது, கூடவே ஒரு வீடியோவும். எஸ்டேட் நிர்வாகம் எடுத்து அனுப்பியது. அதில் ராமுத்தாய் என்ற அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஆதார் அட்டையைக் காட்டுகிறார். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. "எனக்கு ஒண்ணும் ஆகலப்பா. முட்டிவலின்னு மலைக்குப் போறதையே விட்டு நாலு வருசமாச்சு" என்கிறார். நீ அனுப்பிய போட்டோவில் கண்ணில் கட்டுப் போட்டிருக்கும் பெண் இவர் இல்லை.

என் மேலதிகாரி மார்த்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இவர்கள் நம்மிடம் பொய் சொன்னார்களா?"

20ஆம் தேதிக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் வேண்டுகோளைத் திரும்பப் பெறுவோம். அப்படி ஆனால் அந்த இருபத்தேழு பேரையும் மலையில் எந்த எஸ்டேட்டும் சேர்க்காது. இது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

போட்டோவில் இருப்பது யார்?

ஜன்னத்


போடி
5 செப்டம்பர்

ஜெனீவாவில் குடியிருக்கும் ஜன்னத் அம்மையார் அவர்களுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எடுக்கவில்லை. எழுத்தில் என்றால் நான்கு தடவை அழித்துவிட்டு மரியாதையாகத் திட்டலாம்.

முதலில் என் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய வேண்டுகோளை யாரோ தமிழாக்கி இங்கே அனுப்பியிருந்தார்கள். சங்க அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "குரலற்ற, கையறு நிலையிலுள்ள பெண்கள்" என்று வந்தது. அந்த இருபத்தேழு பேரில் ஒருத்தியான காசியம்மாள் என்ன கேட்டாள் தெரியுமா? "யாருக்குடி குரலில்ல? நான் மேட்டுத் தோட்டத்துல இருந்து கூப்பிட்டா செக்போஸ்ட்டுல இருக்கிறவன் திரும்பிப் பாப்பானே!" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. ஜீப்பில் ஏற்றாமல் விட்ட அன்றே நாங்கள் எல்லோரும் நடுரோட்டில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஒரு வண்டியையும் மேட்டுக்கு ஏறவிடவில்லை. அதை நீ எழுதவே இல்லை. அழுததை மட்டும் எழுதியிருக்கிறாய். உன்னைத் தடுத்து வைத்தது அதற்காகத்தான்.

இனி உன் கேள்வி. நாங்கள் பொய் சொல்லவில்லை. மருந்து அடித்தது நிஜம், கண் கெட்டது நிஜம். தேனி ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தாள். பெயரில் மட்டும் கொஞ்சம் சிக்கல். மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வெளியே சொன்னால் இந்தப் பெண்களுக்கே வம்பு. அதைக் கிண்டாதே. வேறு ஏதாவது சொல்லிச் சமாளி. உனக்குத்தான் நாலு பாஷை தெரியுமே.

சிவரஞ்சனி


ஜெனீவா
6 செப்டம்பர்

சிவா,

சமாளிப்பதா? நான் என்ன மூட்டையில் கல் கலந்து விற்கிறேனா?

நீ திட்டியதில் பாதி நியாயம். "குரலற்ற" என்ற சொல்லை நான் எழுதவில்லை. ஆனால் அந்த வரியைப் பார்த்த பிறகும் அடித்து நீக்காமல் விட்டேன். அழுகிறவர்களைக் காட்டினால்தான் இங்கே கடிதத்தைத் திறந்து படிக்கிறார்கள் என்பது எனக்குப் பழகிவிட்டது. சாலை மறியலை விட்டது என் தவறு. மன்னித்துவிடு.

மற்ற பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரோட்டர்டாம் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளர்கள் நானூறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கென்யாவில் பூப்பண்ணையில் வேலை பார்க்கும் பெண்கள் வேலை முடிந்து நின்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள். எல்லோரும் கையில் "ராமுத்தாய்" என்று எழுதிய அட்டையைப் பிடித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள், 'ரா'வுக்குக் கால்கூடச் சரியாக விழவில்லை. அவர்கள் யாருக்காக நின்றார்கள் என்று நான் அவர்களிடம் சொல்ல வேண்டாமா? மலையில் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியக்கூடாதா? நான் என்ன வெளியூர்க்காரியா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னைப் பெற்ற அத்தா ஏலக்காய் வாங்கி விற்கிறவர் என்பது உனக்குத் தெரியும். ஐரோப்பாக் கம்பெனி கொள்முதலை நிறுத்தினால் ஏலத்தில் விலை இறங்கும். போன வாரம் போனில் கேட்டார்: "ஏம்மா ஜன்னத், நீ படிச்சது நம்ம யாவாரத்துல மண்ணள்ளிப் போடவா?" கம்பெனிக்கு எழுதியது நாங்கள்தான் என்று சொன்னேன். அவரிடம்கூட நான் பொய் சொல்லவில்லை. உனக்காகவும் சொல்ல மாட்டேன்.

இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. உண்மையை எழுது.

ஜன்னத்


போடி
11 செப்டம்பர்

ஜன்னத்,

ஐந்து நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். படித்து முடிக்கும் வரை கோபப்படாதே.

போட்டோவில் இருப்பவள் வித்யா. வயது முப்பத்தொன்று. ராமுத்தாய் இருக்கும் அதே தெருதான். நான்கு வருஷத்துக்கு முன்பு ராமுத்தாய்க்கு முட்டி போனபோது ஜீப்பில் ஓர் இடம் காலியானது. அந்த இடத்துக்கு வித்யா போனாள். அங்கே ஆட்களின் வருகை எழுதும் ரைட்டர் ஜக்கையன், "புதுப் பேரெல்லாம் எழுத முடியாது. ராமுத்தாய் எடத்துக்குத்தான வந்திருக்க, ராமுத்தாய்னே இரு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மலையில் அவள் ராமுத்தாய். காலையில் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பேர் கூப்பிடும்போது ராமுத்தாய் என்ற பேருக்குத்தான் "இருக்கேன்" என்பாள். ஜீப்பிலும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது. உனக்கு வாக்குமூலம் எழுதியபோது என் கையும் பழக்கத்தில் ராமுத்தாய் என்றே எழுதிவிட்டது. எழுதிய பிறகு உறைத்தது. ஆனாலும் திருத்தவில்லை, ஏனென்றால் செக்ரோலிலும் அதே பேர்தான் இருக்கிறது, ஒத்துப்போகட்டும் என்று விட்டேன். தப்பு என்னுடையதுதான்.

வித்யா மட்டுமில்லை. இருபத்தேழு பேரில் பத்தொன்பது பேர் அடுத்தவள் பேரில்தான் போகிறார்கள். அக்கா பேரில் தங்கை, மாமியார் பேரில் மருமகள். நானே சங்கத்துக்கு வருவதற்கு முன் மூன்று வருஷம் பேச்சியம்மாளாகக் காய் எடுத்திருக்கிறேன். ஊரையெல்லாம் தைரியமாக இரு என்று சொல்கிற செயலாளர், இதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மூடி வைத்தேன்.

எஸ்டேட்டுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பாய். எவளும் இத்தனை வருஷம் இங்கே வேலை பார்த்தேன் என்று ஒரு காகிதத்தையும் காட்ட முடியாது. அடிபட்டவள் பேர் ரோலில் இருக்காது. ரோலில் பேர் இருப்பவளுக்கு அடிபட்டிருக்காது. யாருக்கும் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. நாங்கள் வாயைத் திறந்தால் ஆள்மாறாட்டம் என்று எங்கள் மேலேயே கேஸ் போடுவோம் என்று மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

வீடியோவில் ராமுத்தாய் பேசியது அத்தனையும் உண்மை. "ஒனக்கு மருந்து பட்டுச்சான்னு கேட்டாங்க, இல்லன்னு சொன்னேன். எதுக்குன்னு எனக்கென்ன தெரியும்?" என்று நேற்று அலுவலகத்தில் வந்து அழுதாள். அவள் ஆயுசில் கேமரா முன்னால் பேசியது அது ஒரு தடவைதான், அதுவும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எதிராகப் போய்விட்டது.

வித்யாவுக்கு இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. அவள் கேட்பது இரண்டுதான், வைத்தியமும் வேலையும். இப்போது சொல், என்ன செய்ய?

சிவா

பி.கு. பத்தொன்பது பேரில் நான்கு பேர் பயன்படுத்துவது செத்துப்போனவர்களின் பேரை. பாப்பாத்தி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ரோல்படி இன்றைக்கும் காய் எடுக்கிறாள்.


ஜெனீவா
12 செப்டம்பர்

சிவா, என் சிவா,

உன் பின்குறிப்பை மூன்று தடவை படித்தேன். பெரிய குண்டைத் தூக்கி பி.கு.வில் வைக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்!

கேள். அந்தக் கம்பெனி ஒவ்வொரு வருஷமும் எஸ்டேட்டிடமிருந்து தொழிலாளர் பட்டியலை வாங்குகிறது. "எங்கள் ஏலக்காயை எடுக்கும் ஒவ்வொருவரையும் நாங்கள் அறிவோம்" என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறது. அந்தப் பட்டியல் எங்கள் கையில் இருக்கிறது, அவர்களே கொடுத்தது. அதில் நாற்பத்தோராவது பெயர் பாப்பாத்தி. நீ பயந்து மறைத்தாயே, அதுதான் நம்மிடம் இருக்கும் பலமான சாட்சி. எஸ்டேட் ராமுத்தாயை நாற்காலியில் உட்காரவைத்து நம்மைப் பொய்யர்கள் என்று காட்டியது. பாப்பாத்தியையும் அப்படி உட்காரவைக்கட்டும், பார்ப்போம்.

வழக்குப் பயத்தைப் பற்றி இங்குள்ள வழக்கறிஞரிடமும் மதுரையில் எங்களோடு வேலை செய்பவரிடமும் கேட்டுவிட்டேன். வேறு பேரில் வரச் சொன்னது எஸ்டேட்டின் ஆள், சம்பளம் கொடுத்ததும் அவர்கள். வழக்கு என்று போனால் முதலில் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இதை இருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இணைத்திருக்கிறேன். எல்லோருக்கும் படித்துக் காட்டு.

ஆனால் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேள். கூட்டத்தில் வைத்துக் கேட்காதே, நீ முறைத்தால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஒருத்தி வேண்டாம் என்றாலும் அவள் பெயர் வெளியே வராது. அதற்கு நான் பொறுப்பு.

உன் தப்பைப் பற்றி எழுதியிருந்தாய். என்னுடையதையும் கேட்டுக்கொள். ஆகஸ்டில் வீடியோவில் அவளோடு அரை மணி நேரம் பேசினேன். ஒவ்வொரு தடவையும் "ராமுத்தாய் அக்கா" என்று கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். வலி என்று நினைத்துக்கொண்டேன். கண், தோல், மருந்தின் பெயர் என்று எல்லாவற்றையும் கேட்டவள் "உங்க பேர் என்ன" என்று கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் தொழில். வெட்கமாக இருக்கிறது.

ஜன்னத்


போடி
18 செப்டம்பர்

அடியே ஜன்னத்,

எல்லாம் இணைத்திருக்கிறேன். இருபத்தைந்து பேர் சொந்தப் பெயரோடு, போட்டோவோடு. நான்கு இறப்புச் சான்றிதழ்கள். தேனி ஆஸ்பத்திரிச் சீட்டு, வித்யா என்ற பெயரில். மாரக்காளும் இன்னொருத்தியும் மாட்டேன் என்றார்கள். மாரக்காள் மகளுக்குத் தையில் கல்யாணம், வம்பு வேண்டாம் என்கிறாள். நான் முறைக்கவில்லை, சத்தியமாக.

ஒவ்வொரு வீடாகப் போனேன். நீ தனித்தனியாகக் கேட்கச் சொன்னது சரிதான். கூட்டத்தில் வாயே திறக்காத பெண்கள் அடுப்படியில் உட்கார்ந்து எத்தனை பேசுகிறார்கள்! காசியம்மாள், "அஞ்சு வருசமா எங்க நாத்தனா பேர்ல ஒழைக்கேன். அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடயாது. இருந்தும் தெனமும் காலையில அவ பேருக்கு நான் பதில் சொல்லணும்" என்று புலம்பினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

வித்யா வீட்டுக்குப் போனபோது ராமுத்தாயும் அங்கே இருந்தாள். வித்யா கையெழுத்துப் போடத் தயங்கினாள். ராமுத்தாய்தான் அதட்டினாள்: "எம் பேர எனக்குக் குடுத்துருடி. அந்தப் பேர்ல இனி எவ தலையிலயும் மருந்து விழ வேணாம். ஒம் பேர நீ எழுது." உடனே போட்டுவிட்டாள். ராமுத்தாய் தானாகவே இன்னொரு வீடியோவும் பேசிக் கொடுத்தாள். இந்தத் தடவை அவள் பேச்சைப் பார், தேர்தலில் நிற்கலாம்.

உன் அத்தாவைக் கடைவீதியில் பார்த்தேன். "ஏத்தா சிவரஞ்சனி, எம் மக அங்கன கெடந்து சண்டை போடுறா, இங்கன எவனும் எங்கூட டீ குடிக்க வர மாட்றான்" என்றார். நான் அவரோடு டீ குடித்தேன். போகும்போது, "செத்தவ பேரு ரோல்ல இருக்குறது நெசமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முகத்தில் பெருமைதான், நீ நம்பாவிட்டாலும்.

இனி பயமில்லை. அனுப்பு.

சிவா


ஜெனீவா
24 அக்டோபர்

சிவா,

கம்பெனி இறங்கி வந்துவிட்டது. நாங்கள் புதிய வேண்டுகோளை வெளியிட்ட மூன்றாம் வாரமே அவர்கள் எஸ்டேட்டுக்கு எழுதிவிட்டார்கள்: இருபத்தேழு பேரையும் திரும்பச் சேர்க்க வேண்டும், வித்யாவின் வைத்தியத்தை ஏற்க வேண்டும், பட்டியலைச் சரிசெய்ய வேண்டும், அதுவரை ஒரு கிலோகூட வாங்க மாட்டோம். துறைமுகத் தொழிலாளர்கள் தங்கள் நிர்வாகத்திடம் அந்த எஸ்டேட்டின் மூட்டைகளைப் பற்றி எழுதிக் கேட்டதும் உதவியது.

எஸ்டேட்டின் பதில் இன்று வந்தது. திங்கட்கிழமை முதல் எல்லோரும் வரலாம், ஜீப் அனுப்புகிறோம், வைத்தியச் செலவு தருகிறோம் என்கிறார்கள். ஆனால் ஒரு வரி இடிக்கிறது: "பழைய செக்ரோலின்படி." பெயர்களை "படிப்படியாக" மாற்றுவார்களாம்.

ஒப்புக்கொள்ளலாம், இதுவே பெரிய வெற்றி என்கிறாள் மார்த்தா. அடுத்த வியாழக்கிழமை தீபாவளி. மூன்று மாதமாக வேலை இல்லாத வீடுகள். நானும் அதைத்தான் நினைக்கிறேன். ஆனால் பழைய பேரில் ஒரு நாள் வேலை செய்தாலும் "பார், பொய்ப் பேரில் அவர்களே விரும்பி வருகிறார்கள்" என்று காட்டுவார்கள். பயமாகவும் இருக்கிறது.

நான் முடிவு சொல்ல மாட்டேன். இங்கிருந்து சொன்னால் அது உத்தரவு மாதிரி ஆகிவிடும். ஜீப்பில் ஏறப்போவது நான் இல்லை. நீங்கள் எதைச் செய்தாலும், அதையே நாங்கள் உலகத்துக்குச் சொல்வோம்.

ஜன்னத்


போடி
28 அக்டோபர்

ஜன்னத்,

மலையிலிருந்து இறங்கி இப்போதுதான் வந்தேன். காலில் அட்டை கடித்த இடத்தில் இன்னும் ரத்தம் நிற்கவில்லை. சேலையை மாற்றாமல் எழுதுகிறேன். மறப்பதற்குள் உனக்குச் சொல்ல வேண்டும்.

நேற்றுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். தீபாவளிச் செலவை எல்லோரும் சொன்னார்கள். பிறகு வித்யா எழுந்தாள். "ஜீப்பு வரட்டும், ஏறுவோம். வேலைக்கு வந்துட்டோம்ல, அத எவனும் இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா நம்ம பேர நாமதான் சொல்லணும். அவன் கூப்பிடுற பேருக்கு நான் வாயத் தெறக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

இன்று காலை இரண்டு ஜீப்பிலும் நெருக்கியடித்து ஏறினோம். நானும் போனேன். மேட்டில் ஒரே மூடுபனி, சாரல் வேறு. எஸ்டேட் களத்தில் மற்ற ஜீப்புகளில் வந்த ஐம்பது அறுபது பேர் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். ஜக்கையன் குடையைப் பிடித்துக்கொண்டு ரோலைத் திறந்தார்.

"ராமுத்தாய்!"

சத்தமே இல்லை. வித்யா அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருக்கிறாள்.

"ராமுத்தாய்! ஏத்தா, ஒன்னயத்தான!"

வித்யா அவர் முகத்தையே பார்த்தாள். அடுத்த பேர், அதற்கடுத்த பேர். ஒருத்தியும் "இருக்கேன்" என்று சொல்லவில்லை, ரோலில் சொந்தப் பேரில் இருப்பவர்கள்கூட. மாரக்காள் மட்டும் தன் பழைய பேருக்குக் கையைத் தூக்கினாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. பாப்பாத்தி பேர் வந்தபோது காசியம்மாள், "அவ வர ரொம்ப நேரமாகும் ரைட்டரே, தூரத்துல இருக்கா" என்றாள். களமே சிரித்தது.

எங்கள் பட்டியல் முடிந்ததும் மற்ற ஜீப்புகளில் வந்தவர்கள் பேரைக் கூப்பிட ஆரம்பித்தார். அவர்களும் வாயைத் திறக்கவில்லை ஜன்னத்! அவர்களிலும் பலர் அடுத்தவள் பேரில் வருகிறவர்கள்தான், ஆனால் நாங்கள் அவர்களிடம் எதுவும் கேட்டதில்லை, சொன்னதில்லை. தேவாரம் ஊரிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் சிலரை எனக்கு முகம்கூடத் தெரியாது. முழுப் பட்டியலையும் வாசித்து முடித்தார், எண்பது பேர் எதிரே நிற்கிறோம், ரோல்படி வேலைக்கு வந்தது மாரக்காள் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தில் மழைத்தண்ணீர் இருந்ததால் தப்பித்தேன்.

மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். "எந்தா பிரஸ்னம்? பணி வேணும்னு நிங்களல்லே எழுதியது?" என்று மலையாளத்தில் கத்தினார், வேலை கேட்டு எழுதியது நாங்கள்தானாம். "வேலை வேணும் சார். செய்யிறவ பேர்ல வேணும்" என்றேன். கம்பெனி எழுதிய கடிதத்தின் நகலைக் கையில் கொடுத்தேன். செடியில் காய் பழுத்துக் கிடக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டால் வெடித்துக் கொட்டிவிடும். அவருக்கும் அது தெரியும். போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார், வந்தார், மறுபடி போனார். பத்தரை மணிக்குப் புதிய நோட்டு ஒன்று வந்தது.

ஒவ்வொருத்தியாகப் போய்ப் பெயர், ஊர், எந்த வருஷத்திலிருந்து வருகிறாள் என்று எழுதிக்கொண்டோம். எண்பது பேர் எழுதி முடிக்கப் பன்னிரண்டாகிவிட்டது. மாரக்காள் கடைசியாகப் போய் மெதுவாகத் தன் சொந்தப் பெயரைச் சொன்னாள். பிறகு ஜக்கையன் புது நோட்டைப் பிரித்து முதலிலிருந்து கூப்பிட்டார்.

"வித்யா!"

பதில் இல்லை.

"வித்யா!"

மறுபடியும் என்ன சிக்கல் என்று திரும்பிப் பார்த்தால், அவள் என் பக்கத்தில்தான் நிற்கிறாள். இடுப்பில் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரோ வருவார்கள் என்று மற்றவர்களோடு சேர்ந்து அவளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான்கு வருஷமாக இந்தக் களத்தில் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை.

"அடியே, நீதான்டி!" என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

அவள் முன்னால் போய் நின்று, ஜக்கையன் நாலடியில்தான் இருக்கிறார் என்பதையும் மறந்து, மேட்டுத் தோட்டம் வரை கேட்கிற மாதிரி கத்தினாள்:

"இருக்கேன்!"

சிவரஞ்சனி